கேட் வளைவில் நின்ற பிராணி

போன வாரம் ரேவதி போன் செய்தாள். வல்லம் வடகாலில் நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கம்பெனியில் இப்போது அவள்தான் தோட்டத்து சூப்பர்வைசர். என்னோடு பல வருஷம் ஒரே வரிசையில் உட்கார்ந்து களை பிடுங்கியவள்.

"அக்கா, ஒரு பஞ்சாயத்து. எல்லா மரத்துக்கும் பேர்ப்பலகை மாட்டச் சொல்லிட்டாங்க. வேம்பு, புங்கன், பூவரசு எல்லாம் ஆச்சு. கேட்டாண்ட வளைவுல கீதே, அதுக்கு இன்னா எழுதறது?"

"சவுக்குன்னு எழுது."

"எழுதினேங்கா. சண்டைக்கு வர்றாங்க. ஒருத்தர் யாளின்னு எழுதுன்றாரு, ஒருத்தி ஒட்டகம்ன்றா. செக்யூரிட்டி அண்ணன் கங்காருதான்னு சொல்லி பலகைய வாங்கி வெச்சிகினு குடுக்க மாட்டேன்றாரு. நீ இன்னான்னு சொல்லு, அதையே எழுதிடறேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகு தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பேரன் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். அந்த மரத்தின் கதையை முழுசாக எழுதிவிட்டால் ரேவதிக்குப் பதில் சொன்ன மாதிரியும் ஆயிற்று, எனக்கும் பொழுது போன மாதிரி ஆயிற்று என்று தோன்றியது.

நான் ஒன்றும் செடி கொடி ஆசையில் தோட்ட வேலைக்குப் போனவள் இல்லை. எங்கள் நிலம் தொழிற்பேட்டைக்குப் போனபோது வீட்டுக்காரர் கம்பெனியில் அசெம்ப்ளி லைனில் சேர்ந்தார், நான் தோட்டத்தில் சேர்ந்தேன். நிலம் போன கதையை உருகி உருகிச் சொல்ல எங்கள் ஊரில் ஆள் இருக்கிறார்கள். எனக்கு நாற்று நட்டு முதுகு ஒடிந்தது போதும் என்றிருந்தது. சேலைக்கு மேல் கம்பெனி கோட்டு, தலைக்குத் தொப்பி, மத்தியானம் கேன்டீன் சாப்பாடு, எல்லாமே எனக்குப் பிடித்திருந்தது. முதல் சில வருஷம் களை பிடுங்குவதும் டியூப் இழுத்துத் தண்ணீர் விடுவதுமாகப் போனது. அதில் சொல்ல ஒன்றுமில்லை. ஞானசேகரன் சார் தோட்ட அதிகாரியாக வந்த பிறகுதான் கத்திரி என் கைக்கு வந்தது.

சார் படித்தது செடி மருத்துவம் மாதிரி ஏதோ பெரிய படிப்பு. குரல் உயர்த்த மாட்டார். எங்கள் எல்லோரையும் பேரோடு அம்மா சேர்த்துத்தான் கூப்பிடுவார். ஆனால் வரிசை மட்டும் நேராக இருக்க வேண்டும். கேட்டிலிருந்து ஆபீஸ் வரைக்கும் ரோட்டோரமாகச் சவுக்குகளை நட்டு எல்லாவற்றையும் கூம்பாக வளர்த்திருந்தோம். தினமும் காலையில் வரிசையின் தலைப்பில் வந்து நிற்பார். வலது கண்ணை மூடுவார். இடது தோள் தானாக மேலே ஏறும். கழுத்து மட்டும் உடம்பை விட்டுப் புறப்பட்ட மாதிரி முன்னால் நீளும். அப்படியே கொஞ்ச நேரம் அசையாமல் நிற்பார். பிறகு மெதுவாகச் சொல்வார்.

"வசந்தாம்மா, மூணாவதுல வலப்பக்கம் ரெண்டு விரல் அதிகம்."

போய் நூல் பிடித்துப் பார்த்தால் சரியாக ரெண்டு விரல் அதிகம் இருக்கும்.

கூம்பு வெட்டுவது லேசு என்று நினைக்க வேண்டாம். நடுத்தண்டை ஒட்டி ஒரு மூங்கிலை நட்டு, அதன் உச்சியில் நைலான் நூலைக் கட்டி, தரையில் சுண்ணாம்பால் போட்ட வட்டம் வரைக்கும் இழுத்துப் பிடிக்க வேண்டும். ஒருத்தி நூலோடு மரத்தைச் சுற்றி வருவாள். இன்னொருத்தி நூலைத் தாண்டி நீட்டுகிற நுனிகளை மட்டும் கத்திரித்துக்கொண்டே பின்னால் வருவாள். கீழிருந்துதான் மேலே போக வேண்டும். மேலிருந்து ஆரம்பித்தால் வெட்டின குப்பை கீழ்க்கிளையில் விழுந்து கண்ணை ஏமாற்றும். எல்லாவற்றையும் விட முக்கியம், பச்சையைத் தாண்டிக் கட்டைக்குள் கத்திரி போகக் கூடாது. சவுக்கு பழைய கட்டையிலிருந்து துளிர்க்காது. ஓட்டை போட்டால் ஓட்டை போட்டதுதான்.

சாருக்கு ஒரு குறை இருந்தது. அவருக்கு மேகத்தில் யானை தெரியாது. சுவரில் காரை பெயர்ந்த இடத்தில் கிழவி மூஞ்சி தெரியாது. ஒருநாள் கேன்டீன் மாஸ்டர் முனுசாமி அண்ணன் எங்களோடு நிழலில் நின்றுகொண்டிருந்தவர் வானத்தைக் காட்டி, "சார், அங்க பாருங்க, யானை குட்டி போட்டுகினு போவுது" என்றார். சார் அண்ணாந்து ரொம்ப நேரம் பார்த்தார். பார்த்துவிட்டு, "மழை வராது" என்றார். நாங்கள் சிரித்தோம். அவரும் சிரித்தார், ஆனால் கொஞ்சம் வருத்தத்தோடு சிரித்த மாதிரி எனக்குப் பட்டது.

கொரோனா வந்து கம்பெனியை மூடினார்கள். தோட்டத்துக்கும் ஆள் விடவில்லை. திரும்பக் கூப்பிட்டபோது போய்ப் பார்த்தால் எங்கள் கூம்பு ஒன்றுகூடக் கூம்பாக இல்லை. எல்லாம் தலைவிரித்து நின்றன. மற்றவற்றை நூல் பிடித்து மெல்ல மெல்லச் சரிக்குக் கொண்டுவந்துவிட்டோம். கேட்டை ஒட்டி ரோடு திரும்புகிற வளைவில் இருந்ததை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. மூடியிருந்த சமயத்தில் ஏதோ கன்டெய்னர் லாரி ரிவர்ஸ் எடுத்தபோது அதன் உச்சியை முறித்துவிட்டிருந்தது. உச்சி போனதும் பக்கக் கிளை ஒன்று தலைமை எடுத்துக்கொண்டு, ரோட்டுப் பக்கமாகச் சாய்ந்து நீண்டு, முனையில் ஒரு கொத்தாகத் திரண்டு நின்றது. இன்னொரு பக்கம் புடைத்து மேலே ஏறியிருந்தது. இதைக் கூம்பாக்க வேண்டும் என்றால் கட்டை வரைக்கும் வெட்ட வேண்டும். வெட்டினால் துளிர்க்காது.

"பார்க்கலாம், விடுங்க" என்றார் சார்.

அப்போது கேட்டில் எல்லோருக்கும் ஜுரம் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். தரையில் பெயின்டில் வட்டம் போட்டு, வட்டத்துக்கு ஒருத்தராக, வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு, தள்ளித் தள்ளி நிற்க வேண்டும். சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்தவர்கள், ஹாஸ்டல் பஸ்ஸில் வந்த பெண்கள், எல்லோரும் வாய் பேசாமல் நிற்பார்கள். ஊரில் யாருக்கு என்ன ஆயிற்றோ என்ற பயம் ஒவ்வொருத்தர் கண்ணிலும் இருக்கும். பார்ப்பதற்கு எதிரே இருந்தது அந்த ஒரு மரம்தான்.

ஒருநாள் காலை ஷிஃப்டில், அசெம்ப்ளி லைனில் வேலை செய்கிற தென்காசிப் பெண் பேச்சியம்மாள், வட்டத்துக்குள் நின்றபடியே என்னைக் கூப்பிட்டாள்.

"ஏக்கா, அந்த மரத்தப் பாத்தியளா? ஒட்டகம் எதையோ தொலைச்சிட்டுத் தேடுத மாதிரி இல்ல?"

அடுத்த வட்டத்தில் நின்ற முனுசாமி அண்ணன் சும்மா இருப்பாரா. அவருக்கு மணிமங்கலம், கோயில் தூணைப் பார்த்தே வளர்ந்தவர்.

"ஒட்டகமா? கண்ணத் தொறந்து பாரும்மா. யாளி. எங்க ஊரு கோயில் தூண்ல கீது பாரு, அதேதான். தோளத் தூக்கினு பாயப் போவுது பாரு."

"யாளிக்குப் பல்லு எங்கண்ணே?"

"அதுவும் மாஸ்க் போட்டுகினு கீதும்மா."

அந்த வரிசை முழுக்கச் சிரித்தது. எத்தனையோ நாள் கழித்து அந்தக் கேட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. மூடின முகங்களுக்குள்ளிருந்து கண் மட்டும் சிரித்ததைப் பார்த்து எனக்கு நெஞ்சே லேசாகிவிட்டது. அன்றையிலிருந்து அது தினப்படி வழக்கமாயிற்று. மூன்று ஷிஃப்டிலும் மூன்று கட்சி. லைன் பெண்கள் ஒட்டகம், கேன்டீன் யாளி, செக்யூரிட்டி கங்காரு. புதிதாக யார் சேர்ந்தாலும், என்ன வேலை, எந்த ஊர் என்று கேட்பதற்கு முன்னால் மரத்தைக் காட்டி என்ன தெரிகிறது என்று கேட்டுக் கட்சியில் சேர்த்துக்கொள்வார்கள்.

எனக்கு என்ன தெரிந்தது என்று கேட்டால் மட்டும் நான் பேச்சை மாற்றிவிடுவேன். எனக்கும் முதல் நாளே ஒன்று தெரிந்துவிட்டது. ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல மரியாதை இடம் கொடுக்கவில்லை. தினமும் தண்ணீர் விடும்போது அதன் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொள்வேன், அவ்வளவுதான். வேலைக்குப் போய் இத்தனை வருஷத்தில் ஒரு மரத்தின்மேல் நான் வைத்த ஆசை அதன்மேல் வைத்ததுதான்.

பயமெல்லாம் குறைந்து கம்பெனி பழையபடி ஓட ஆரம்பித்த பிறகு, வெளிநாட்டு விருந்தாளிகள் வருகிறார்கள் என்று உத்தரவு வந்தது. பிளான்ட் ஹெட் ஒரு பழைய போட்டோவைச் சாரிடம் காட்டி, கேட் வரிசை இதே மாதிரி இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். போட்டோவில் எல்லாமே கூம்பு. வளைவில் இருப்பதைப் பிடுங்கிவிட்டு, நர்சரியிலிருந்து அதே உயரத்தில் கூம்பாக வளர்த்த மரத்தைக் கொண்டுவந்து வைப்பதாக ஏற்பாடு.

எனக்குச் சோறு இறங்கவில்லை. பேச்சியும் முனுசாமி அண்ணனும் சாரைப் பார்க்க வந்தார்கள். நானும் போனேன்.

"சார், அத்த மட்டும் வுட்டுடுங்க சார். ஜனங்க தெனமும் அதப் பாத்துட்டுதான் உள்ள வருது" என்றார் அண்ணன்.

சார் உடனே முடியாது என்று சொல்லவில்லை.

"மேல போய் நான் பேசறேன். ஆனா அவர் என்னன்னு கேட்பாரே? எனக்கே தெரியாத ஒண்ணை இருக்குன்னு எப்படிச் சொல்றது? நீங்க எனக்குக் காட்டுங்க. எனக்குத் தெரிஞ்சிடுச்சின்னா நிச்சயமாப் பேசறேன்."

அவர் பொய் சொல்ல மாட்டார் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். ஆக மரம் பிழைப்பது சாரின் கண்ணில்தான் இருந்தது.

அதற்குப் பிறகு தினமும் சாப்பாட்டு நேரத்தில் நடந்த கூத்தை என்னவென்று சொல்வது. பேச்சி அவரை வரிசை வட்டத்தில் நிறுத்தி, "பாதிக் கண்ண மூடிக்கிட்டுப் பாருங்க சார், திமில் தெரியும்" என்பாள். முனுசாமி அண்ணன் மரத்துக்குப் பக்கத்திலேயே ஒரு காலைத் தூக்கி, தோளை ஏற்றி, யாளியாகவே நின்று காட்டுவார். சமையல் ஏப்ரனோடு அவர் அப்படி நிற்பதைப் பார்க்க லைன் ஆட்கள் கூடிவிடுவார்கள். செக்யூரிட்டி அண்ணன் ஒருநாள் கங்காரு மாதிரி குதித்தே காட்டினார். சார் ஒவ்வொருத்தர் சொன்ன இடத்திலும் நின்று, சொன்னபடியெல்லாம் கண்ணை மூடித் திறந்து, உண்மையாகவே பாடுபட்டார்.

"ஒரு கிளை இருக்கு" என்பார். "அதுக்கு மேல இன்னொரு கிளை இருக்கு."

விருந்தாளிகள் வருவதற்கு முந்தின நாள் வரைக்கும் அதே இரண்டு கிளைதான். அன்று காலையில் என்னைத் தனியாகப் பார்த்தபோது சொன்னார்.

"சின்ன வயசுலேர்ந்தே எனக்கு இது வரலம்மா. என் பொண்ணு குழந்தையா இருக்கும்போது மேகத்தைக் காட்டி முயல்னு சொல்லுவா. நானும் ஆமா முயல்னு சொல்லிடுவேன். அவகிட்ட சொன்ன மாதிரி இங்க சொல்ல முடியாதே."

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, மரத்தைப் பார்க்க அதைவிடப் பாவமாக இருந்தது. அதற்குள் டெம்போவில் புது மரம் வந்துவிட்டது. வேரோடு சாக்கில் கட்டி, நூல் பிடித்த மாதிரி கச்சிதமான கூம்பு. பழையதைப் பிடுங்க ஜே.சி.பி. வந்து நின்றது. பக்கத்தில் கேமரா வயர் போனதால், தலையை முதலில் வெட்டி இறக்கிவிட்டு அப்புறம்தான் வேரைத் தோண்ட வேண்டும். ஏணி போட்டாயிற்று. சார் என்னைப் பார்த்தார்.

நான் கத்திரியை எடுத்தேன். கண்ணில் தண்ணீர் முட்டியது.

"சார், எனக்குக் கை வரல சார்."

அவர் கோபப்படவில்லை. "சரி, குடுங்க" என்று வாங்கிக்கொண்டார். ஹெல்மெட் போட்டு, இடுப்பில் பெல்ட் மாட்டிக்கொண்டு அவரே ஏறினார். நானும் முனுசாமி அண்ணனும் ஏணியைப் பிடித்துக்கொண்டோம். ஷிஃப்டு முடிந்து போகிறவர்கள், பேச்சியோடு சேர்ந்த பெண்கள், எல்லோரும் தள்ளி நின்று பார்த்தார்கள். சார் மேலே போய்ச் சாய்ந்த கிளையை ஒரு கையால் விலக்கினார். கத்திரியை நீட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

கத்திரிச் சத்தம் வரவில்லை. சாரின் குரல்தான் வந்தது.

"வசந்தாம்மா, ஏணியைக் கெட்டியாப் பிடிங்க. யாரும் கிட்ட வராதீங்க. கழுத்துல குளவிக்கூடு இருக்கு."

ஒரு நிமிஷம் எல்லோரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். முனுசாமி அண்ணன்தான் மெதுவாகக் கேட்டார்.

"யாரு கழுத்துல சார்?"

"இதோட கழுத்துலதான். தாடைக்குக் கீழ, தோள் ஏறுது பாருங்க, அங்க..."

அதோடு நின்றுவிட்டார். கத்திரி கையிலேயே இருந்தது. கிளையைப் பார்த்தார், கீழே எங்களைப் பார்த்தார், மறுபடியும் கிளையைப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு படியாக இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, வரிசையின் தலைப்புக்கு நடந்து போனார். தினமும் நிற்கிற அதே இடத்தில் நின்று பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அவர் முகம் விரிந்ததை நான் பார்த்தேன். அந்த மாதிரி ஒரு முகத்தை அதற்கு முன்னாலும் பின்னாலும் அவரிடம் நான் பார்த்ததில்லை.

"தெரியுதும்மா" என்றார். "முழுசாத் தெரியுது."

கூட்டம் கைதட்டியது. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

"யாளிதானே சார்?" என்றார் அண்ணன்.

"ஒட்டகந்தான சார்?" என்றாள் பேச்சி.

"ரெண்டும் இல்லை. இது வேற ஏதோ. பேர் தெரியல. ஆனா..." சார் நெற்றியைத் தேய்த்தார். "எங்கேயோ பார்த்திருக்கேன். ரொம்பப் பழகின மாதிரி இருக்கு. எங்கன்னுதான் பிடிபடல."

நான் வாயைப் பொத்திக்கொண்டு, கீழே விழாத சுள்ளிகளைப் பொறுக்குகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

புது மரத்தைக் கேன்டீன் பின்னால் கொண்டுபோய் வைத்தோம். மறுநாள் விருந்தாளிகள் வந்தார்கள். கார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, போனைக் குனிந்து பார்த்தபடியே கேட் வளைவைத் தாண்டிப் போய்விட்டார்கள். வரிசையையும் பார்க்கவில்லை, பிராணியையும் பார்க்கவில்லை. பின்னால் நடந்து வந்த பிளான்ட் ஹெட் மட்டும் மரத்தடியில் நின்றார். எங்கள் சாரைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏன் சார் இது அப்படியே இருக்கு?"

"குளவிக்கூடு இருக்கு சார். கை வைக்கறது ஆபத்து" என்றார் சார். அது பொய் இல்லை. பிறகு எங்களிடம் சொன்னபடியே அடுத்ததையும் சொன்னார். "அதோட, ஜனங்களுக்கு இதுல ஒரு பிராணி தெரியுது சார். எனக்கும் தெரியுது. எடுக்க வேணாம்னு கேட்டுக்கறேன்."

பிளான்ட் ஹெட் நாலு அடி நடந்தார். நின்றார். திரும்பி மரத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"நாய்தானே?" என்றார்.

"இருக்கலாம் சார்" என்றார் சார்.

குளவி அந்த மழைக்காலத்திலேயே கிளம்பிப் போய்விட்டது. மரத்தில் அதற்கப்புறம் யாரும் கை வைக்கவில்லை. நான் மட்டும் அதன் தாடைக்குக் கீழே அவ்வப்போது இரண்டொரு நுனியைக் கிள்ளி விடுவேன். முகம் கெடக் கூடாதே.

நான் ஓய்வு பெற்ற அன்று சால்வை போட்டு, கேசரி கொடுத்து, கேட் வரைக்கும் கூட வந்தார்கள். வளைவில் நின்றபோது சார் கேட்டார். "கடைசி வரைக்கும் நீங்க சொல்லவே இல்லையே வசந்தாம்மா. உங்களுக்கு என்ன தெரியுது?"

"உங்களுக்குத் தெரிஞ்சதுதான் சார் எனக்கும்" என்றேன்.

அவருக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

இதையெல்லாம் எழுதி முடித்துவிட்டு நேற்று ரேவதிக்குப் போன் போட்டேன். பலகை எதுவும் மாட்டாதே, ஒரு பேரை எழுதிவிட்டால் அப்புறம் வருகிறவன் எல்லாம் அதையேதான் பார்ப்பான் என்று சொன்னேன். அவள் விடவில்லை. எனக்குத் தெரிவதைச் சொன்னால்தான் போனை வைப்பேன் என்றாள்.

"நாளைக்குக் காலையில ஞானசேகரன் சார் வரிசை பாக்க வருவாரில்ல, அப்ப நீ அந்த மரத்துக்கு இந்தாண்ட வந்து நில்லு" என்றேன். "ரெண்டு பேரையும் சேர்த்துப் பாரு."

இன்று காலையில் அவளிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. முதலில் வெறும் மூச்சுதான் கேட்டது. பிறகு, சிரிப்பை அடக்க முடியாமல் திணறுகிற ரேவதி.

"ஐயோ அக்கா, அதே கழுத்துக்கா. அதே தோளு. ஒருத்தர ஒருத்தர் பாத்துகினு நிக்கறாங்கக்கா."

அவளுக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, சாரின் குரல் அமைதியாகக் கேட்டது.

"ரேவதிம்மா, நாலாவதுல இடப்பக்கம் ரெண்டு விரல் அதிகம்."